பவர் ஸ்டியரிங்கில் எழும் சப்தம்: காரணம் காணும் முறை

பாரம் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று சந்தை வாசலில் ஒடித்துத் திரும்பும்போது பானெட்டுக்குள்ளிருந்து நீண்ட முனகல் எழுமானால், "பம்பு போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லப் பக்கத்திலேயே நாலு பேர் இருப்பார்கள். அந்தத் தீர்ப்பு சில சமயங்களில் மெய்யாகவே அமைந்துவிடுவதுதான் அதை அபாயகரமானதாக ஆக்குகிறது. ஸ்டியரிங் பம்பு விலை உயர்ந்த பொருள். ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை மாற்றிய பிறகும் அதே முனகல் தொடர்ந்து கேட்க, புதுப் பம்பும் மட்டமான சரக்கு என்று உதிரிப்பாகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். ஆயில் டப்பாவுக்கும் பம்புக்கும் நடுவேயுள்ள ரப்பர் ஹோஸின் கிளாம்பு ஒன்று தளர்ந்திருந்ததே ஆரம்பம் முதல் இருந்த தோஷம் என்பது அவர்களுக்கு வெகுநாள் கழித்தே விளங்கிற்று.

இந்த வீண் செலவைத் தவிர்க்க, சப்தத்தைக் கேட்கும் முறையை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். சப்தம் எப்படிப்பட்டது என்று வர்ணிப்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம் அதிகம். ஆனால் ஒருவர் காதுக்கு முனகலாகப் படுவது இன்னொருவருக்கு ஊளையாகவும், மற்றொருவருக்கு ரீங்காரமாகவும் படும். எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்ற விஷயத்திலோ அப்படிப்பட்ட அபிப்பிராய பேதத்துக்கு இடமே இல்லை. நல்ல மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன்னால், "அண்ணே, நேராப் போறப்ப கத்துதா, ஒடிக்கிறப்ப கத்துதா? காலையில கத்துதா, சூடானப்புறம் கத்துதா?" என்று விசாரிப்பது வெறும் பேச்சுக்காக அல்ல, அந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளிலேயே பாதிக் காரணம் அகப்பட்டுவிடுகிறது.

இங்கே பேசப்போவது ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கைப் பற்றி மாத்திரமே. பொலேரோ பிக்கப் போன்று ஒரு டன்னுக்கு மேல் சுமந்து ஓடும் வண்டிகளில் இந்த வகையே நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருந்து வருகிறது. சிறிய கார்களில் இப்போது பரவியிருக்கும் மின்சார ஸ்டியரிங்கில் பம்பும் இல்லை, ஆயிலும் இல்லை. ஆகையால் இந்த அத்தியாயம் அதற்குப் பொருந்தாது. பானெட்டைத் திறந்து, மூடியில் ஸ்டியரிங் சக்கரத்தின் படம் பொறித்த ஆயில் டப்பா ஒன்று இருக்கிறதா என்று பார்த்தால், தம் வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பது எவருக்கும் தெரிந்துவிடும்.

யந்திரத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால்தான் மேலே சொல்லப்போகும் பரீட்சைகளின் நியாயம் விளங்கும். பியர்ஸ் ஆரோ என்ற அமெரிக்க மோட்டார் நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பணிபுரிந்து, பாரவண்டியின் சக்கரங்களைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் சிரமத்தை நேரில் கண்ட பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர், 1920-களின் நடுவில் இதற்கு ஒரு மார்க்கம் கண்டார். ஆயில் எப்போதும் தடையின்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும், ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பும் சமயத்தில் மட்டும் ஒரு வால்வு அதன் வழியைக் குறுக்கி அழுத்தத்தை எழுப்ப வேண்டும் என்பது அவருடைய யோசனை. 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் இது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. இன்று நம் பிக்கப்பில் இருப்பதும் அடிப்படையில் அதே தத்துவந்தான். இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் பெறப்படுகிறது: இஞ்சின் ஓடுகிற வரையில் பம்புக்கு ஓய்வே கிடையாது. நேராகப் போகும்போது அதன் வேலை ஆயிலை வெறுமனே சுற்றவிடுவது. திருப்பும்போதோ அழுத்தத்தை உண்டாக்குவது. வேலை இரண்டு வகையானதால் அதில் உண்டாகும் சப்தங்களும் இரண்டு வகையாகப் பிரிகின்றன.

பம்புக்குள்ளே, பெல்ட்டினால் சுழற்றப்படும் ரோட்டர் ஒன்றில் வரிசையாகப் பிளவுகள் இருக்கும். ஒவ்வொரு பிளவிலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று உள்ளும் புறமும் வழுக்கிச் செல்லும்படி செருகப்பட்டிருக்கும். நீள்வட்டமாகக் கடைந்த வளையத்துக்குள் ரோட்டர் சுழலும்போது, தகடுகளுக்கு இடைப்பட்ட அறைகள் விரியும் இடத்தில் ஆயில் உறிஞ்சப்படுகிறது. அவை சுருங்கும் இடத்தில் பிழிந்து தள்ளப்படுகிறது. ஸ்டியரிங் நேராக இருக்கையில் இந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சில கிலோவுக்கு மேல் போவதில்லை. நின்ற இடத்தில் சக்கரத்தை முழு லாக்குக்கு ஒடித்தால் அது 70 முதல் 100 கிலோ வரைகூட ஏறக்கூடும். அதற்கு மேல் ஏறாதபடி ரிலீஃப் வால்வு ஒன்று காவல் காக்கிறது. டயரில் நாம் அடிக்கும் காற்று 2 முதல் 4 கிலோ என்பதை நினைத்துக்கொண்டால், விரல் பருமனுள்ள அந்தக் குழாய்க்குள் எவ்வளவு பலம் அடைபட்டிருக்கிறது என்பது புலப்படும்.

இனி பரீட்சைக்கு வருவோம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களை நேராக்கி, ஸ்டியரிங்கைத் தொடாமல் மெள்ள ரேஸ் கொடுக்க வேண்டும். இஞ்சினின் வேகத்தோடு சப்தமும் ஏறி இறங்கினால், தோஷம் பம்பு ஆயிலை உறிஞ்சும் பக்கத்திலோ, பெல்ட்டிலோ, பெல்ட் சுற்றிவரும் பேரிங்குகளில் ஒன்றிலோ இருக்கிறது. அடுத்து, ரேஸை விட்டுவிட்டு ஐட்லிங்கில் ஸ்டியரிங்கை இருபுறமும் நிதானமாகத் திருப்ப வேண்டும். அப்போது மட்டும் சப்தம் எழுந்தால் அது அழுத்தத்தோடு சம்பந்தப்பட்டது. மூன்றாவதாக, இஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது இப்படியும் அப்படியும் ஆட்ட, மற்றொருவர் முன்சக்கரத்தின் அருகே குனிந்து கேட்க வேண்டும். அப்போதும் 'டக், டக்' என்ற ஓசை வருமானால், அதற்கும் பம்புக்கும் ஆயிலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் தண்டின் கிராஸ் ஜாயிண்ட், ஸ்டியரிங்கின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் ராக்கைத் தாங்கும் புஷ் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. அந்த ஓசையைக் கேட்டும் ஓட்டிக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவதாகும் என்பதால், மற்ற ஆராய்ச்சிகளை ஒத்திவைத்து அதை முதலில் சரிசெய்துவிட வேண்டும்.

முதல் இரண்டு வகையில் எதுவானாலும் கையை முதலில் வைக்க வேண்டிய இடம் ஆயில் டப்பாதான். மூடியைச் சுற்றியுள்ள தூசியை ஈரத்துணியால் துடைத்த பிறகே திறக்க வேண்டும். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும் அது பம்பின் தகடுகளைத் தேய்க்கும். டப்பாவின் பக்கத்திலோ மூடியோடு சேர்ந்த அளவுகோலிலோ சூடான நிலைக்கு ஒரு கோடும், ஆறிய நிலைக்கு ஒரு கோடும் இருக்கும். அளவு கீழ்க் கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தால், திரும்பி வரும் ஆயில் மேலிருந்து கொட்டிக் காற்றைத் தன்னோடு உள்ளே இழுத்துச் செல்கிறது. அந்தக் காற்றுக் குமிழிகள் பம்பின் அழுத்தத்தில் நசுங்கி உடைவதே நாம் கேட்கும் முனகல். குறைந்த அளவுக்கு ஆயில் ஊற்றிய உடனே சப்தம் நின்றால் சந்தோஷப்படலாம். ஆனால் இது எரிபொருளைப் போலச் செலவாகும் வஸ்து அல்லவாகையால், குறைந்த ஆயில் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை காணாமல் விட்டுவிடக் கூடாது.

அளவைப் போலவே ஆயிலின் தோற்றமும் பேசும். சிவப்பு நிறமுள்ள ஆயில் தெளிவாக இருந்தால் நல்லது. அது கறுத்துக் கருகிய வாடை வீசினால் வெகுகாலமாக மாற்றப்படவில்லை, அல்லது அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. விரலில் தொட்டு வெயிலில் பார்க்கும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் மினுங்கினால், பம்பு தன்னைத் தானே அரைத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். இந்த ஓர் அறிகுறி கண்டவருக்குப் பம்பை மாற்றுவதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆயில் வெளிறி, மேலே நுரை கட்டி, இஞ்சினை அணைத்ததும் அதன் மட்டம் கொஞ்சம் மாறுவதாகவும் தோன்றினால், எங்கோ காற்று நுழைகிறது.

எந்த ஆயிலை ஊற்றுவது என்பதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கண்டிப்பாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பாதி வழியில் ஆயில் குறைந்துவிட்டால் கைக்குக் கிடைத்த இஞ்சின் ஆயிலையோ, அதைவிடக் கேடாகப் பிரேக் ஆயிலையோ ஊற்றி ஓட்டிவிடுகிறார்கள். இஞ்சின் ஆயில் கெட்டியானது. குளிர்ந்த நிலையில் பம்பினால் அதை எளிதில் உறிஞ்ச முடியாமல் முனகல் அதிகரிக்கும். பிரேக் ஆயிலோ வேறு ரசாயன வர்க்கத்தைச் சேர்ந்தது; ஸ்டியரிங்கின் ரப்பர் சீல்களை உப்பவும் இளகவும் செய்து, சில நாட்களில் கசிவில் கொண்டுபோய் விட்டுவிடும். பெரும்பாலான பிக்கப்களுக்கு டெக்ஸ்ரான் தரத்து ஏ.டி.எஃப். ஆயிலே விதிக்கப்பட்டிருந்தாலும், வண்டியோடு கொடுத்த புத்தகமோ டப்பாவின் மூடியோ சொல்வதே பிரமாணம். ஒரு லிட்டர் டப்பா ஒன்றைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வது பெரிய செலவல்ல.

இப்போது, மிகவும் அலட்சியம் செய்யப்படுவதும் என் அனுபவத்தில் அதிகமாகக் குற்றவாளியாக நிற்பதுமான பாகத்துக்கு வருகிறோம். ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு ஹோஸ், மற்றக் குழாய்களைவிடப் பருமனாகவும் இரு முனைகளிலும் சாதாரணக் கிளாம்புகளால் பிடிக்கப்பட்டும் இருக்கும். இளநீரைக் குடிக்கும் குழலின் நடுவே ஒரு கீறல் விழுந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் வாய்க்குள் காற்று மட்டும் வருவதைப் போல, இந்த ஹோஸில் வெடிப்போ தளர்ச்சியோ இருந்தால் இஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே புகும். ஆகவே, "தரையில் ஒரு சொட்டு இல்லை, கசிவு கிடையாது" என்ற வாதம் இங்கே செல்லாது.

இதைச் சோதிக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. இஞ்சினை அணைத்து ஆறவிட்டு, ஹோஸின் இரு முனைகளையும் துணியால் நன்றாகத் துடைத்து, கிளாம்பைச் சுற்றிலும், ஹோஸ் பம்பின் மூக்கில் பொருந்தும் இடுக்கிலும் கெட்டியான கிரீஸை மோதிரம் போல வழித்து அப்பிவிட வேண்டும். பிறகு இஞ்சினை ஓடவிட்டுச் சில நிமிஷங்கள் பொறுத்திருந்து கேட்க வேண்டும். கிரீஸ் அந்த இடுக்கை அடைத்ததால் முனகல் தணிந்து, டப்பாவிலுள்ள நுரையும் படிப்படியாக அடங்குமானால், காற்று புகுந்த வாசல் அகப்பட்டுவிட்டது. சில வேளைகளில் கிரீஸ் ஓரிடத்தில் மட்டும் உள்ளே குழிந்து இழுக்கப்பட்டிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படியானால் கிளாம்பையும் ஹோஸையும் புதிதாகப் போடுவதே முறை. ரப்பர் விறைத்துப்போன பழைய ஹோஸில் கிளாம்பை மட்டும் இறுக்குவதால் பயனில்லை. ஹோஸைக் கழற்றினால் அதன் உட்சுவரையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளடுக்கு உரிந்து தொங்கும் ஹோஸ், வெளியே புதிது போல இருந்தாலும், உறிஞ்சும் வேகத்தில் உள்ளே மடிந்து வழியை அடைத்துக்கொள்ளும்.

ஆயில் டப்பாவின் அடியிலுள்ள சல்லடையையும் இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். அழுக்கும் ரப்பர்த் துணுக்கும் படிந்து அது அடைபட்டால், டப்பா நிறைய ஆயில் இருந்தும் பம்பு பட்டினி கிடக்கும். ரேஸ் கொடுக்கக் கொடுக்க முனகல் ஏறுவது இதன் லட்சணம். பல வண்டிகளில் சல்லடையைத் தனியே எடுக்க வராது; டப்பாவையே மாற்ற வேண்டியிருக்கும். அது பம்பின் விலையில் சிறு பங்குதான்.

பெல்ட்டின் சப்தத்தை எவரும் எளிதில் அடையாளம் காணலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும், முழு லாக்குக்கு ஒடிக்கும்போதும் 'கிறீச்' என்று கூச்சலிட்டுப் பிறகு அடங்குவது வழுக்கும் பெல்ட்டின் இயல்பு. பெல்ட்டின் உட்புறம் கண்ணாடி போலப் பளபளத்தாலோ, குறுக்கே வெடிப்புகள் தோன்றினாலோ அதை மாற்றிவிட வேண்டும். பழைய வகை வி-பெல்ட்டானால், இரண்டு புள்ளிகளுக்கு (பெல்ட் ஓடும் சக்கரங்களுக்கு) நடுவே கட்டைவிரலால் அழுத்தும்போது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுங்குவது சரியான இழுப்பு. இஞ்சின் ஐட்லிங்கில் இருக்கையில், சற்று விலகி நின்று, பெல்ட்டின் உட்புறத்தில் தண்ணீரைப் பீச்சிப் பார்க்கும் பரீட்சையும் உண்டு: கூச்சல் அதிகமானால் இழுப்புப் போதவில்லை, கீச்சுக் கீச்சென்ற ஓசை கொஞ்ச நேரம் நின்று மறுபடி வந்தால் பெல்ட் ஓடும் சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை. பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு இந்த இரண்டாவது குறை தோன்றினால், புள்ளியை அச்சில் சரியான ஆழத்துக்கு ஏற்றவில்லை என்று பொருள். இந்தச் சோதனைகளின்போது தோளில் துண்டோ, தொளதொளத்த முழுக்கைச் சட்டையோ கூடவே கூடாது. ஓடும் பெல்ட்டும் ரேடியேட்டர் விசிறியும் துணியின் நுனி ஒன்று அகப்பட்டால் போதும், ஆளையே இழுத்துவிடும்.

பேரிங்குகளின் உறுமல் பம்பின் முனகலோடு எளிதில் குழம்பிவிடும். ஆல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்பு, பெல்ட்டை இறுக்கும் ஐட்லர் எல்லாம் ஒரே இடத்தில், இஞ்சினின் வேகத்துக்கு ஏற்பச் சுழல்கின்றன. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வொன்றின் உடலிலும், சுழலாத பாகத்தில், மாறி மாறி ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்டால், எதில் கரகரப்பு அதிகம் என்பது ஐயமின்றித் தெரியும். இதற்கும் மசியாத சந்தேகமானால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இஞ்சினை அரை நிமிஷம் ஓடவிட்டுப் பார்க்கலாம். சப்தம் அப்படியே இருந்தால் பெல்ட் ஓட்டும் எந்தப் பாகமும் அதற்குக் காரணமல்ல. ஒரே பெல்ட்டில் தண்ணீர்ப் பம்பும் ஓடும் இஞ்சின்களில் அரை நிமிஷத்துக்கு மேல் நீட்டிக்கக் கூடாது. பெல்ட் இல்லாத அந்த நிலையில் ஒவ்வொரு புள்ளியையும் கையால் சுழற்றிப் பார்த்துவிடுவதும் நல்லது. டீசல் பிக்கப்பில் டர்போவின் சீழ்க்கையைக்கூட ஸ்டியரிங் சப்தம் என்று மயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாரத்தோடு மேடு ஏறும்போது பெருகி, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மாறாத ஓசை டர்போவுடையது.

திருப்பும்போது மட்டும் எழும் சப்தங்களில் ஒன்று நோயே அல்ல. முழு லாக்கில் சக்கரம் முட்டி நிற்கும்போது கேட்கும் 'உஸ்' என்ற சீறலும் தடித்த முனகலும், ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி விடுவதால் உண்டாவது. சரியான வண்டியிலும் அது கேட்கும். ஆனால் அந்த நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைத்திருந்தால் ஆயில் கொதித்துப் பம்பு கெட ஆரம்பிக்கும். இன்னொன்று, அழுத்தக் குழாயைச் சேஸியோடு பிடிக்கும் ரப்பர் வைத்த கிளிப் விழுந்துபோவதால் வருவது. குழாய் உலோகத்தில் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் பம்பின் துடிப்பு முழுவதும் கேபினுக்குள் பரவி, வெளியே நிற்பவருக்குக் கேளாத ஓசை உள்ளே இருப்பவருக்குப் பெரிதாகக் கேட்கிறது. ஒரு மரத்துண்டால் குழாயை நெம்பி விலக்கிப் பிடிக்கும்போது சப்தம் நின்றால், சில ரூபாய்க் கிளிப் ஒன்றோடு வேலை முடிந்தது. கையால் மட்டும் அந்தக் குழாயைத் தடவிக் கசிவு தேட வேண்டாம். மயிரிழை போன்ற துவாரத்திலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கக்கூடியது; சூடான எக்ஸாஸ்ட் மீது பட்டால் தீப்பற்றவும் கூடும். கசிவு தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

உஷ்ணத்தைக் கொண்டும் காரணத்தைப் பிரித்தறியலாம். தை மாதத்து உறைபனியில் உதகமண்டலத்தில் இரவெல்லாம் நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் முனகிச் சில நிமிஷங்களில் ஓய்ந்தால், ஆயில் கெட்டியாக இருக்கிறது, அல்லது உறிஞ்சும் வழி குறுகியிருக்கிறது. பம்பைச் சந்தேகிக்க அவசரமில்லை. இதற்கு நேர்மாறாக, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த வண்டி, அடிவாரத்தில் மௌனமாக இருந்துவிட்டு மேலே போய்ச் சேர்ந்ததும் முனக ஆரம்பித்து, ஐட்லிங்கில் ஸ்டியரிங்கும் கனத்துப்போனால், சூட்டில் இளகிய ஆயிலைத் தேய்ந்த தகடுகளால் பிழிந்து தள்ள முடியவில்லை என்பது பெரும்பாலும் மெய். இந்த இரண்டையும் கலந்து, "எப்போதாவது கத்துகிறது" என்று மட்டும் பட்டறையில் சொன்னால் எந்த மெக்கானிக்கும் பம்பைத்தான் நினைப்பார். ஆகையால் சப்தம் எழும் வேளையைக் கவனித்துச் சொல்வது வண்டிக்காரரின் பொறுப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் குற்றம் பம்பினுடையதா, ஸ்டியரிங் ராக்கினுடையதா என்பதில் ஐயம் எஞ்சினால், அழுத்த மானி வைத்திருக்கும் பட்டறைக்குப் போக வேண்டும். பம்புக்கும் ராக்குக்கும் நடுவே மானியையும் ஒரு வால்வையும் பொருத்தி, வால்வை ஐந்து விநாடிக்கு மேற்படாமல் மூடிப் பார்ப்பார்கள். அப்போது விதித்த அழுத்தம் வந்து, வால்வைத் திறந்து முழு லாக்கில் பார்க்கும்போது மட்டும் வராவிட்டால், பம்பு குற்றமற்றது. ராக்கின் உட்சீல்களில் ஆயில் நழுவுகிறது. இரண்டிலும் வராவிட்டால் பம்பின் குற்றமே. இந்தப் பரீட்சையைச் செய்யாமல் இரண்டையும் ஒருங்கே மாற்றச் சொல்கிற இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பம்பை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், பழைய ஆயிலை முற்றிலும் வடித்து, புது ஆயில் விட்டு அலசி, அடைபட்ட சல்லடையையும் மாற்றிய பிறகே புதியதை இணைக்க வேண்டும். பழைய பம்பு உதிர்த்த உலோகத் துகள்கள் குழாய்களில் தங்கியிருந்தால் புதியதும் வெகு சீக்கிரத்தில் அதே கதியை அடையும். புள்ளியைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவது பம்பின் உட்புறத்தைச் சேதப்படுத்தும். அதற்குரிய கருவி இல்லாதவர் அந்த வேலையில் கை வைக்கலாகாது.

எந்தக் குழாயைக் கழற்றினாலும் முடிவில் ஏர் எடுப்பது கட்டாயம். பின்சக்கரங்களுக்கு அணைகல் வைத்து, முன்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, டப்பாவில் ஆயிலை நிரப்பிச் சில நிமிஷம் விட்டுவிட வேண்டும். இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டியரிங்கை ஒரு லாக்கிலிருந்து மறு லாக்குக்கு மெதுவாக இருபது தடவையாவது திருப்ப வேண்டும். ஒருவர் திருப்ப, மற்றொருவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு குறையும் ஆயிலை விட்டுக்கொண்டே வர, குமிழிகள் மேலே வந்து உடையும். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில், லாக்கில் முட்டிப் பிடிக்காமல், மேலும் சில தடவை திருப்ப வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பு காற்றை நுரையாகக் கடைந்துவிடும். அந்த நுரை அடங்கச் சில சமயம் ஓர் இரவு ஆகும். புதுப் பம்பு போட்ட அன்று முனகல் கேட்டால் பெரும்பாலும் இதுதான் காரணமாகையால், மறுநாள் காலை வரையில் பொறுத்திருந்து பார்த்துவிட்டே கடைக்காரரிடம் போக வேண்டும்.

ஓட்டும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாரத்தோடு நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடிப்பதும், முன் டயர்களில் காற்றைக் குறைவாக வைத்து ஓட்டுவதும் பம்பின் மீது அநாவசியமான சுமையை ஏற்றுகின்றன. சக்கரம் ஒரு சாண் உருள ஆரம்பித்த பிறகு ஒடித்தால் வேண்டிய அழுத்தம் எவ்வளவோ குறைந்துவிடும்.

வேலை முடிந்த மறுநாள் காலை, இஞ்சின் ஆறியிருக்கும்போது, ஆயில் மட்டத்தை ஆறிய நிலைக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாரத்தோடு முதல் தடவை போய் வந்த பிறகு கிளாம்புகளையும் மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் சிறுகச் சிறுக இறங்கியும் தரையில் சொட்டு எதுவும் காணாவிட்டால், ராக்கின் இரு முனைகளிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறைகளை விரலால் அழுத்திப் பார்க்கலாம். உள்ளே ஆயில் தேங்கித் தளும்புவது கைக்குத் தெரிந்தால் ராக்கின் சீல் விட்டுவிட்டது. அதைக் கழற்றிச் சீல் மாற்றும் விவரம் அடுத்த அத்தியாயத்தில் வருகிறது.